வண்ணப் புட்டிகளுக்கு நான் எண் போட்ட கதை

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை என்ன வேலை செய்வாள் என்று யாராவது கேட்டால், கோலம் போடுவாள் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். குடியரசு தினத்துக்குக் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு கோலம், சுதந்திர தினத்துக்கு அதே இடத்தில் வேறு கோலம், அதிகாரி வருகிறார் என்றால் வாசலில் 'நல்வரவு'. அறிவியல் ஆசிரியருக்கு இதயத்தின் படம், சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஆறுகள் ஓடும் தமிழ்நாடு, ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்து மடல். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் போக மிச்சம் இருக்கும் நேரத்தில் ஓவியம் கற்றுத் தரலாம். முப்பத்தோரு வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றேன். இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. கோலம் எனக்கு நன்றாகவே வரும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ராசிபுரத்தில் பள்ளிப் படிப்பு, பிறகு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், அதன் பிறகு சேலத்தில் ஆசிரியர் பயிற்சி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அழைப்பு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து உள்ளே போக வேண்டிய ஒரு பள்ளி. கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்தப் பள்ளியில் ஆறு தலைமையாசிரியர்களைப் பார்த்தேன். சென்னியப்பன் சாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப் போகும் விஷயம் அவர் காலத்தில் நடந்தது. கணக்கு ஆசிரியராக இருந்து உயர்ந்தவர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். சொல்ல வேண்டியதைப் பச்சை மையில் துண்டுச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, அலுவலக உதவியாளரிடம் கொடுத்துவிடுவார். எனக்கு வரும் சீட்டு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 'இன்று ஒன்பதாம் வகுப்பு ஓவியப் பாடவேளை கணக்குக்கு. நன்றி.' நன்றியை முதலிலேயே சொல்லிவிட்டால் எதிராளி மறுக்க முடியாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

நேரில் போய்ப் பேசினால் நாம் உட்காரும் வரை அவரும் உட்காரமாட்டார். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இத எந்தப் பதிவேட்டுல எழுதறதுங்க டீச்சர்?" என்பார். பதிவேட்டில் இடம் உள்ள விஷயம் என்றால் அன்றைக்கே நடந்துவிடும். இடம் இல்லாத விஷயம் அவருக்குப் பிடிபடவே செய்யாது. கெட்ட மனிதர் இல்லை. பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தவறிவிடக் கூடாது என்று சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்திருந்தவர் அவர்.

என் வகுப்பு வாரத்துக்கு ஒரு பாடவேளை. நாற்பது நிமிடம், ஐம்பது அறுபது பிள்ளைகள். கரும்பலகையில் நான் ஒரு மாம்பழம் போட, அதைப் பார்த்து எல்லாரும் மாம்பழம் போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் வீட்டிலிருந்து பையில் ஏதாவது எடுத்துப் போவேன். ஒரு நாள் கத்தரிக்காய், ஒரு நாள் நசுங்கிய பித்தளைச் சொம்பு, ஒரு நாள் ஒற்றைச் செருப்பு. மேஜைமேல் வைத்து, "இதையே பாரு. பேப்பரைக் கம்மியாப் பாரு" என்பேன். கையை நீட்டிப் பென்சிலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சொம்பின் கழுத்து அதன் உடம்பில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளக்கச் சொல்லித் தருவேன். முதல் மாதம் எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாம் மாதம் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவனின் காதையும் மூக்கையும் அளந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு பையனை இங்கே மோகன்ராஜ் என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அப்பா லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். அம்மா வயற்காட்டு வேலைக்குப் போகிறவர். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோதே அவனுக்குக் கோடு வந்துவிட்டிருந்தது. செருப்பை வரையச் சொன்னால், வார் தேய்ந்து மெலிந்த இடத்தில் அவன் கோடும் மெலியும். அப்படி ஒரு கை எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைத்ததில்லை.

அந்த வருடம் அவன் தீட்டிய நிறத்தில் எனக்கு ஒரு தப்பும் படவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. புது கிரேயானைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் நிறத்தின் பெயர் இங்கிலீஷில் அச்சாகியிருக்கும். வகுப்பிலேயே அதைப் படித்துவிட்டுத் தீட்டிய ஒரே பிள்ளை அவன்தான். ஏழாம் வகுப்பு வருவதற்குள் காகிதங்கள் கிழிந்து போயிருந்தன.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் பச்சை மிளகாயும் செடியிலேயே பழுத்த மிளகாயும் கலந்து ஒரு தட்டில் வைத்தேன். மோகன்ராஜ் ஒவ்வொரு மிளகாயின் வளைவையும் காம்பையும் தனித்தனியாக வரைந்திருந்தான். நிறம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு. வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன்.

"ஏன் சாமி, எல்லாத்துக்கும் ஒரே கலர் அடிச்சு வெச்சிருக்கற?"

"எல்லாம் ஒரே மாதிரிதானுங்க டீச்சர் இருக்குது. செலது கொஞ்சம் இருட்டா இருக்குதுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். பழுத்ததைத் தனியாக எடுத்து வை என்றேன். ஒன்று தவறாமல் பிரித்து வைத்தான். சரி, குறும்புதான் என்று திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவன் மிளகாயைப் பார்க்கவே இல்லை. கண் என் முகத்தில் இருந்தது, விரல்தான் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. பழுத்தது கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தி, ஒரு சிவப்பு அட்டையையும் ஒரு பச்சை அட்டையையும் முன்னால் வைத்தேன். எது பச்சை என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "இருட்டா இருக்கறதுங்க" என்று சிவப்பைத் தொட்டான். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சில நிறங்கள் பிரிந்து தெரியாது என்று பயிற்சிக் காலத்தில் ஒரு பாராவாகப் படித்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பாராவில் அதற்கு மேல் எதுவும் இல்லை.

சென்னியப்பன் சாரிடம் போனேன். நான் உட்கார்ந்தேன், அவரும் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"போர்டுல எழுதறது தெரியுதுங்களா அவனுக்கு?" என்றார்.

"தெரியுதுங்க சார்."

"வருசா வருசம் ஸ்கூலுக்கு டாக்டர் வர்றாங்களே, அவங்க கார்டுல ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

"அதுல எடை, பல்லு, தூரத்து எழுத்துப் படிக்கறது, அவ்வளவுதானுங்க. கலர் தெரியுதான்னு கேக்கறதுக்குக் கட்டமே இல்லீங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இத எந்தப் பதிவேட்டுல எழுதறதுங்க டீச்சர்?"

"எழுத வேண்டாங்க சார். அவங்க ஊட்டுல சொல்லணும். பின்னால ஏதாச்சும் வேலைக்குப் போறப்போ தெரிஞ்சிருக்கணும்."

"சொல்லிருங்க" என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றுதான் வெளியே வந்தேன். அந்த வாரமே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

இரண்டு நாள் கழித்துப் பச்சை மைச் சீட்டு வந்தது. 'மாவட்ட ஓவியப் போட்டி. நம் பள்ளி சார்பில் ஒருவரை அனுப்பவும். நன்றி.' மோகன்ராஜை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. போட்டி போஸ்டர் கலரில், அங்கேயே உட்கார்ந்து தீட்ட வேண்டும். இங்கேதான் ஓவிய ஆசிரியை மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தேன். அவன் கண்ணில் இருந்த பிரச்சினையை நான் படத்தில் இருக்கும் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன். படத்தில் வரும் பிரச்சினைக்கெல்லாம் எனக்கு வழி தெரியும்.

பன்னிரண்டு வண்ணப் புட்டிகளுக்கும் வெள்ளைக் காகிதம் ஒட்டி எண் எழுதினேன். இளம் இலைக்கு நாலாம் நம்பரில் பாதி, இரண்டாம் நம்பரில் பாதி. முற்றிய இலைக்கு நாலில் முக்கால், பன்னிரண்டில் ஒரு சொட்டு. செம்மண்ணுக்கு, மாட்டுக்கு, மனிதத் தோலுக்கு, தக்காளிக்கு எல்லாம் ஒரு அளவு. நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மதிய உணவு இடைவேளையில் உட்கார வைத்துப் பதினைந்து நாள் பயிற்சி. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தான். "முத்துன எலை?" என்று நான் கேட்டால், "நாலு முக்கா, பன்னெண்டு ஒரு சொட்டுங்க" என்று யோசிக்காமல் சொல்வான். அவனுக்கு அதில் சந்தோஷம்தான். எனக்கு அதைவிடச் சந்தோஷம்.

போட்டித் தலைப்பு 'சந்தை'. நாமக்கல்லில் ஒரு பள்ளி மண்டபத்தில் இரண்டு மணி நேரம். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். புட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினான். காய்கறிக் கூடைகள், சும்மாடு கட்டிய பெண், அவள் சேலை, மரத்து நிழல். ஒரு நிறம்கூடத் தப்பவில்லை. முதல் பரிசு கொடுத்தார்கள். நடுவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, பையனுக்கு நிறத்தில் நல்ல ஞானம் என்றார். நான் நன்றி சொன்னேன்.

மறுநாள் சென்னியப்பன் சார் சீட்டு அனுப்பவில்லை. தானே வகுப்புக்கு வந்தார். காலைக் கூட்டத்தில் மோகன்ராஜை மேடையேற்றிக் கைதட்ட வைத்தார். அந்த வருடம் முடியும்வரை ஓவியப் பாடவேளையை யாரும் கணக்குக்குக் கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து அப்படி ஒரு வருடம் நடந்ததே இல்லை. மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பாடவேளைகள் எனக்குத் தித்தித்தன.

அவன் அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். வாசலிலேயே நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம் பையன் படத்த ஊட்டுல சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கறனுங்க. கலரெல்லாம் அப்புடியே தத்ரூபமா இருக்குதுன்னு வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி" என்றார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்வது, படத்தில் உள்ள நிறம் உங்கள் பையன் பார்த்தது இல்லை என்றா? தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு சொல்ல வேண்டிய தேவையே எனக்குத் தெரியவில்லை. வெளியே தெரியாத குறை குறையே இல்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அவன் பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்புக்குப் பிறகு பதினோரு வருடம் இருக்கும். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வரும்போது வராந்தாவில் ஒரு இளைஞன் நின்றான். நின்ற விதத்திலேயே மோகன்ராஜ் என்று தெரிந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ரயில் எஞ்சின் ஓட்டற வேலைக்குப் பரிச்சை எழுதினனுங்க டீச்சர். பாஸாயிட்டேன்."

"சந்தோசம் சாமி."

"மெடிக்கல்ல வேண்டான்னுட்டாங்க. ஒரு பொஸ்தகம் காட்டுனாங்க. பக்கமெல்லாம் புள்ளி புள்ளியா இருக்குது. உள்ளே என்ன நம்பர்னு கேட்டாங்க. எனக்கு நம்பரே தெரியலீங்க. கூட வந்தவங்க எல்லாம் படபடன்னு சொல்றாங்க."

மூன்று வருடம் அவன் அந்த ஒரு வேலைக்காகப் படித்திருந்தான். காலையில் முதல் பஸ்ஸில் சேலம் போய், நூலகத்தில் உட்கார்ந்து, மாலை வகுப்புக்குப் போய், கடைசி பஸ்ஸில் திரும்பியிருக்கிறான். முதல் முறை எழுத்துத் தேர்விலேயே போய்விட்டது. மறுபடி எழுதித் தேறி, ஊரில் எல்லாரிடமும் அம்மா சொல்லியும் விட்டார்.

"உனக்கு இது இருக்குதுன்னு தெரியாதா?" என்று கேட்டேன். கேட்டவுடனே, அதை நான் கேட்கக் கூடாது என்று உறைத்தது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சின்னதுல இருந்துச்சுன்னு தெரியுமுங்க. நீங்க கத்துக்குடுத்தீங்க, சரியாப் போயிருச்சுன்னு நெனச்சுட்டனுங்க. கணக்கு வராதவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி. சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கோணும், கீழ எரிஞ்சா போகோணும். எனக்கு அதுல எப்பவும் தப்பு வந்ததில்லீங்க. அதனால கலர் தெரியும்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்."

வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். மாணவனிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. "அய்ய, அப்புடியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர்" என்றான். பிறகு, "நான் வரஞ்ச படத்துல என்னுது எதுங்க?" என்று கேட்டான்.

"கோடெல்லாம் உன்னுது" என்றேன்.

"கலரு?"

"என்னுது."

தலையை ஆட்டிக்கொண்டான். "அம்மாகிட்டச் சொல்லலீங்க. ஒயரம் பத்தலைன்னு சொல்லி வெச்சிருக்கறேன். வாரனுங்க" என்று போய்விட்டான்.

ஓவியம் எதற்கு என்று கேட்டால் கற்பனை வளரும், மனம் அமைதிப்படும், கை திருந்தும் என்றெல்லாம் சொல்வோம். நானும் விழா மேடைகளில் சொல்லியிருக்கிறேன், பொய்யும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து 'உனக்கு என்ன தெரிகிறது' என்று கேட்கும் பாடவேளை அது ஒன்றுதான். மற்ற பாடங்களில் விடை சரியாக இருந்தால் டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டைத் திருப்பலாம். நான் ஒரு பிள்ளையின் கண்ணை என் வகுப்பில் கண்டுபிடித்தேன், பிறகு நானும் விடை சரியாக வந்தால் போதும் என்று பதினைந்தே நாளில் மாறிவிட்டேன். ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுப்பது என்றால் இதுவும்தான்.

அவன் வந்துபோன மறு வருடத்திலிருந்து என் முறையை மாற்றினேன். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு முதல் வேலையே கிரேயானைச் சுற்றியுள்ள காகிதத்தை உரித்து எறிவது. பிறகு இலைகள், பழங்கள், நூல்கண்டுகள் என்று கொட்டி, தொடாமல் பெயர் சொல்லச் சொல்வேன். சந்தேகம் வந்தால் அந்த வாரமே வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்வேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு எழுதி, அப்போதிருந்த தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கினேன். பதிவேடு இல்லை என்றால் நாமே ஒன்று ஆரம்பித்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அத்தனை வருடம் தோன்றாமல் போயிருந்தது. சில பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். என் பையனைக் குருடன் என்கிறாயா என்று ஒருவர் கேட்டார். சண்டை போடட்டும். அந்தப் பிள்ளைகள் எந்த வேலைக்குப் படிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்கிறார்கள்.

சென்ற மாதம் கவிதா என்ற பெண் போன் செய்தாள். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. தேர்வு முடியும் வரை ஓவியப் பாடவேளைகளை மற்றப் பாடங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று அங்கே பேச்சு வந்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் அவளுக்கு ஐந்து நிமிடம் தருகிறார்களாம். "ஓவியத்தால என்ன பிரயோசனம்னு கேப்பாங்க டீச்சர். நான் என்ன சொல்றதுங்க?" என்றாள்.

மோகன்ராஜ் கதையைச் சொன்னேன். மிளகாய் பிரித்ததைச் சொன்னேன், ரயில்வே வேலை போனதைச் சொன்னேன், அதன்பிறகு ஒவ்வொரு ஜூனிலும் நான் செய்ததைச் சொன்னேன். நடுவில் புட்டிக்கு எண் போட்டதையும் போட்டியையும் விட்டுவிட்டேன். நான் சொன்ன விதத்தில், தலைமையாசிரியரிடம் சொல்லியும் வீட்டுக்குத் தகவல் எப்படியோ போய்ச் சேராமல் விட்டுப்போனது போல இருந்தது கதை. "இதையே கூட்டத்துல சொல்லட்டுங்களா?" என்றாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மோகன்ராஜ் இப்போது ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான். "மாவும் வெள்ளை, கெழங்குப் பாலும் வெள்ளை, நமக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க டீச்சர்" என்று சிரிப்பான். விஷயத்தைச் சொல்லி, பெயர் வராது, சொல்லலாமா என்று கேட்டேன்.

"தாராளமாச் சொல்லச் சொல்லுங்க" என்றான். பிறகு, "பரிசு வாங்குனதையும் சொன்னீங்களா?" என்றான்.

இல்லை என்றேன்.

"அதையும் சேத்திச் சொல்லுங்க டீச்சர். அது இல்லாமச் சொன்னா எல்லாரும் உங்களப் பாராட்டிருவாங்க."

கவிதாவை மறுபடி கூப்பிட்டு, விட்டதைச் சொன்னேன். புட்டிகள், எண்கள், பதினைந்து நாள் பயிற்சி, அவன் அம்மாவுக்கு நான் தண்ணீர் கொடுத்து அனுப்பியது எல்லாம். "இத அப்புடியேங்களா சொல்றது?" என்றாள்.

அப்படியே சொல் என்றேன்.